நாய்க்கால் குதிரைகள்

அண்ணே,

பழைய பஸ் ஸ்டாண்டுப் பெட்டிக்கடையில் உன் புத்தகம் தொங்குகிறது. ஜோசியப் புத்தகத்துக்கும் ஷாம்புச் சரத்துக்கும் நடுவில், துணி கிளிப் மாட்டி, வெயிலில் அட்டை சுருண்டு தொங்குகிறது. நேற்று மருந்து வாங்கப் போனவள் அதைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். அட்டையில் உன் தொப்பிக்கார வீரன் வருகிறான். அவன் குதிரை முன்னங்காலை முன்னுக்கும் பின்னங்காலைப் பின்னுக்கும் நீட்டிக்கொண்டு, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய மாதிரி பளபளவென்று வருகிறது.

"என்ன ஆச்சி, பேரனுக்கா?" என்றான் கடைக்காரன்.

"பேரனுக்கு வேண்டாம். இந்தக் குதிரைய வரைஞ்சவன்கூட எனக்கு ஒரு வழக்கு இருக்கு."

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

நீ போய் இன்னும் நாற்பது நாள் ஆகவில்லை. செத்துப்போனவர்களைக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். கூடப் பிறந்தவனைச் சொல்லவே கூடாதாம். உயிரோடு இருந்தபோது சொல்ல விட்டிருந்தால் நான் இப்போது உட்கார்ந்து எழுத வேண்டியிருக்காது. மூன்றாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிற கடிதம் இது. கோணல்மாணலாகத்தான் வரும். கோணலைப் பொறுக்காதவன் நீ. ஆனாலும் இதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

அந்தப் புத்தகம் முதல்முதலில் வந்தபோது அதற்குள் ஓடிய குதிரைகள் வேறு. அது உனக்கும் எனக்கும் தெரியும். இப்போது எனக்கு மட்டும்தான் தெரியும். அந்த முதல் பதிப்பில் ஒன்றே ஒன்று என் டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது. கடைசியாக நீ என் வாசலுக்கு வந்து கேட்டதும், நான் கொடுக்காமல் அனுப்பியதும் அதைத்தான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நீ ஸ்ரீவில்லிபுத்தூரில் போர்டு எழுதிக்கொண்டிருந்தாய். ஜவுளிக்கடைக்கு எழுத்து, லாரிக்குப் பின்னால் கிளி, வருஷத்துக்கு ஒருமுறை காலண்டருக்கு முருகன். ராஜபாளையத்தில் லேபிளும் கல்யாண நோட்டீசும் அச்சடித்துக்கொண்டிருந்த ஒரு முதலாளிக்குப் படக்கதைப் பைத்தியம் பிடித்தது. மற்றவர்கள் வெளிநாட்டுப் படங்களை வாங்கி, ஆட்கள் பேசுகிற பலூனுக்குள் தமிழை எழுதிப் போட்டுக்கொண்டிருந்த காலம். இவர், "நம்மூர்ல வரையுத ஆளு இல்லையாக்கும்?" என்று உன்னைக் கூப்பிட்டுவிட்டார். கதை என்னவோ வெளிநாட்டு மாதிரியேதான். தொப்பி, துப்பாக்கி, பேங்குக் கொள்ளை, குதிரைத் துரத்தல். வரைகிற கை மட்டும் நம்மூர்க் கை.

"தெனம் வில்லிபுத்தூருக்குப் போயிட்டு வர முடியாதுட்டி. பத்து நா ஒங்கூடத் தங்கிக்கிடுதேன்" என்று தகரப் பெட்டியோடு வந்து இறங்கினாய்.

பத்து நாளா அது? ஆடியில் வந்தவன் தையில்தான் போனாய். என் வீட்டுக்காரர் மில்லில் ஷிஃப்ட் முடித்து வருவார். நடுவீட்டில் நீ படம் வரைந்த அட்டைகளைப் பரப்பி வைத்திருப்பாய். மை காயட்டும் என்று அவர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்து போவார். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. பின்னாளில் நீ எத்தனையோ பேரிடம் உன் கஷ்டகாலத்தைப் பற்றிச் சொன்னாய். அந்த மனுஷன் செருப்பைத் தூக்கிக்கொண்டு நடந்ததை ஒருதரம்கூடச் சொல்லவில்லை.

சரி, வழக்கு வழக்காக இருக்கட்டும். நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். உன் ஆயுசில் நீ வரைந்ததிலேயே உருப்படியானது அந்த முதல் புத்தகம்தான். பிறகு நீ பேர் வாங்கினது எல்லாம் அதற்குக் கால்தூசி பெறாது. இதை உன் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் அடிக்க வந்திருப்பாய். உனக்கு அந்தப் புத்தகத்தை நினைத்தாலே வெட்கம்.

அமெரிக்காவை நீ பார்த்ததில்லை. நான் வில்லிபுத்தூர்த் தேரைத் தாண்டி எதையும் பார்த்ததில்லை. அதனால் உன் அமெரிக்காவுக்குப் பின்னால் நம் ராஜபாளையத்துச் சஞ்சீவி மலை நின்றது. மலையடியில் இருந்த கொள்ளைக்காரக் கோட்டைக்குப் பிளவக்கல் அணையின் சுவர். சாராயக் கடைக்குள் பளிங்குக்கல் மேசை, மேசையில் எவர்சில்வர் டம்ளர், மூலையில் ஒரு பரோட்டாக் கல். பேங்குக்குள் இரும்பு பீரோ. அந்த பீரோக் கண்ணாடியின் ஓரத்தில் யாரோ ஒட்டிவைத்த ஸ்டிக்கர் பொட்டு. என் வீட்டு பீரோவைப் பார்த்து வரைந்தவன், பொட்டையும் சேர்த்து வரைந்துவிட்டாய். அந்த ஊர்ப் போலீஸ் ஷெரீப்புக்கு உன் காலண்டர் முருகனின் உதடு. வில்லனுக்கு நம் தாய்மாமன் மூக்கு. கதாநாயகியின் கவுனுக்குக் கை இல்லை என்று முதலாளி முகம் கோணினார். நீ ஜாக்கெட் கை வைத்து, அதற்கு பார்டரும் போட்டாய். கள்ளிச்செடி மட்டும் அச்சு அசல். அதுதான் வத்திராயிருப்பு ரோடு நெடுகிலும் நிற்கிறதே.

அப்போது உனக்குப் பிரஷ்ஷைப் பிடிக்கவே பயம். போர்டு எழுதுகிற தடித்த பிரஷ்ஷுக்குப் பழகிய கை. ஒரு சின்ன விரலை வரைய மூச்சை அடக்கிக்கொள்வாய். நான் தாளிக்கும்போது சத்தம் கேட்டால், "ஏட்டி, செத்த நேரம் சும்மா இரேன், கோடு ஆடுதுல்ல" என்று கத்துவாய். அந்தப் பயம் கோட்டில் தெரியும். தொடங்குகிற இடத்தில் மெலிசாக இருக்கும், நடுவில் தடிக்கும், முடிகிற இடத்தில் லேசாக நடுங்கும். பிற்பாடு வரைந்ததில் எல்லாக் கோடும் ஒரே கனம். பயம் போய்விட்டது, கூடவே பார்வையும் போய்விட்டது.

ஆள் வந்தது, மலை வந்தது, துப்பாக்கி வந்தது. குதிரை மட்டும் வரவில்லை. நீ பார்த்த குதிரை எல்லாம் அய்யனார் கோயில் மண்குதிரை. அதேபோல வரைந்தாய். மார்பை நிமிர்த்தி, கண்ணை உருட்டி, நாலு காலையும் ஊன்றி நின்றன. அட்டைக் கட்டைத் தூக்கிக்கொண்டு நானும் உன்னோடு பிரஸ்ஸுக்கு வந்த அன்று முதலாளி ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார்.

"ஓய் ஆர்ட்டிஸ்ட், கொள்ளைக்காரன் எதுல தப்பிச்சுப் போறான்?"

"குதிரையிலதான் மொதலாளி."

"குதிரை எங்க போகுது? அதான் நிக்குதே! மேல இருக்கவன் கையில ஒரு வீச்சரிவாளக் குடுத்து உக்கார வையும். ஊரக் கூட்டிப் பொங்கல் வச்சிருவோம்."

அன்றைக்கு நீ சாப்பிடவில்லை. மறுநாளும் சரியாகச் சாப்பிடவில்லை. வந்த வேலை கையை விட்டுப் போய்விடும் என்று சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாய். எனக்கு மனசு கேட்கவில்லை. அதுதான் நான் செய்த முதல் தப்பு.

எதிர்வீட்டுத் தெலுங்குக்காரர் ஒரு ராஜபாளையம் நாய் வளர்த்தார், ஞாபகம் இருக்கிறதா? உடம்பெல்லாம் வெள்ளை, மூக்கு மட்டும் ரோஸ், வயிறு முதுகோடு ஒட்டிக் கிடக்கும். சாயங்காலம் அதைக் கண்மாய்க்கரைக்குக் கூட்டிப்போய், சங்கிலியைக் கழற்றி, "போரா!" என்பார். ஒரு நிமிஷத்தில் மறுகரையில் வெள்ளையாக ஒரு புள்ளிதான் தெரியும். நான் விறகுக்குப் போகும்போதெல்லாம் நின்று பார்ப்பேன். மூன்றாம் நாள், தலையணை உறைக்கு எம்பிராய்டரி டிசைன் போடுகிற பென்சிலை எடுத்துக்கொண்டு உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன்.

"எண்ணே, குதிரைக்கு எத்தன காலு?"

"நாலு. ஏன், அதுலயும் ஒனக்குச் சந்தேகமா?"

"நாய்க்கு?"

நீ முறைத்தாய்.

"அப்ப ஓட்டத்த நாய்ட்ட வாங்கிக்கிடு. தலைய மட்டும் குதிரைட்ட வாங்கு."

"கிறுக்கச்சி, அடுப்பப் போய்ப் பாரு" என்றாய். நான் போகவில்லை. நீ மண்குதிரை வரைந்திருந்த அட்டையின் பின்பக்கத்திலேயே வரைந்தேன். தொங்காத வயிறு, விலா எலும்பு மூன்று, முதுகு வில் மாதிரி வளைந்து, நாலு காலும் வயிற்றுக்குக் கீழே ஒன்றுசேர்ந்து சுருண்டிருக்கிற மாதிரி. நீ எட்டிப் பார்த்தாய். அட்டையைப் பிடுங்கினாய். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்த் தூக்கிப் பிடித்தாய்.

"ஏட்டி... இது ஓடுதுட்டி" என்றாய்.

உன் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த ஒரே நல்ல வார்த்தை அது. அதை வைத்துக்கொண்டு நான் அந்த வருஷம் முழுக்க ஓடினேன். நாற்பத்தொரு குதிரை. உடம்பும் காலும் நான். தலை, பிடரி, சேணம், மேலே உட்காருகிற ஆள் எல்லாம் நீ. சமையலை முடித்து, உறைக்குப் பூப் போட்டு முடித்து, வாரத்துக்கு ஒன்று, சில வாரம் இரண்டு. விரலில் ஒட்டிய மை மாவு பிசையும்போதுகூடப் போகாது. "என்னம்மா, தோசை கறுப்பா இருக்கு?" என்று என் மகள் கேட்டிருக்கிறாள்.

புத்தகம் வந்தது. அட்டையில் சிவப்பு மை ஒரு நூல் தள்ளி விழுந்து, ஷெரீப்பின் உதடு அவன் மீசைக்கு மேலே சிவந்திருந்தது. யாருக்கு அது கண்ணில் பட்டது! தெருப் பிள்ளைகள் எல்லாம் குதிரையைத்தான் பார்த்தார்கள். "நாய்க்கால் குதிரை! நாய்க்கால் குதிரை!" என்று கத்திக்கொண்டு, கைகளை வயிற்றோடு சேர்த்து மடக்கிக்கொண்டு தெருவில் ஓடினார்கள். தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி என்னிடம், "ஒங்க அண்ணன் குதிரையப் பாத்துட்டு எம்பய ராத்திரி தூக்கத்துல கால ஒதறுதாங்க்கா" என்றாள். நான் குடத்தைத் தேய்க்கிற மாதிரி குனிந்துகொண்டேன். சந்தோஷத்தை ஊருக்குக் காட்டக் கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறாள்.

பிரஸ்ஸுக்கு வாசகர்களின் தபால் கார்டுகள் வர ஆரம்பித்தன. ஒருநாள் உனக்கு மத்தியானச் சோறு கொண்டு வந்தேன். உள்ளே முதலாளி ஒரு கார்டைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார். குதிரைகள் வேட்டை நாய்களைப் போல இருக்கின்றன என்று எவனோ படித்தவன் எழுதியிருந்தான். எழுத்துக் கோர்க்கிற கம்பாசிட்டர் முதல் பைண்டிங் பிள்ளைகள் வரை சிரித்தார்கள்.

"என்ன ஓய் இது? நாயவா வரைஞ்சு வச்சிருக்கீரு?"

நான் வாசல்படியில் நிற்கிறேன். தூக்குவாளிச் சூடு கையைச் சுடுகிறது. நீ என்ன சொல்லப்போகிறாய் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். இது ஓடுது மொதலாளி என்று சொல்வாய் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

"அது நான் இல்ல மொதலாளி. வேல நெருக்கடியில தங்கச்சிய விட்டுப் போடச் சொன்னேன். பொம்பள கை பட்டா குதிரையும் நாயாத்தான் போவும்."

அவ்வளவு பேரும் சிரித்தார்கள். கூட நீயும் சிரித்தாய்.

தூக்குவாளியை வாசலில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். அன்றைக்குச் சோறு உனக்குத் தொண்டையில் இறங்கியது. எனக்குத் தெரியும். தூக்குவாளி காலியாகத்தான் வீடு வந்து சேர்ந்தது. குழம்புக் கிண்ணத்தைக்கூட வழித்திருந்தாய்.

அதற்குப் பிறகு நீ பெரிய ஆள் ஆனாய். வெளியூர்ப் பத்திரிகைகள் கூப்பிட்டன. வெளிநாட்டுப் படக்கதைகளை மூட்டையாக வாங்கிவைத்துக்கொண்டு, அதைப் பார்த்து இதையும் இதைப் பார்த்து அதையும் வரைந்தாய். உன் ஆட்களின் உதட்டிலிருந்து முருகன் இறங்கிப் போனான். மலை எல்லாம் யாருடைய மலையோ ஆனது. ஒன்று சொல்லட்டுமா? அதற்குப் பிறகு நீ வரைந்த எந்தப் பக்கத்திலும் என்னால் ஒரு இடத்தைக் காட்டி, இது இன்ன தெரு, இன்னார் வீடு என்று சொல்ல முடியவில்லை. ஊர்க்காரர்கள் அதைத்தான் வளர்ச்சி என்றார்கள்.

தொண்ணூறுகளில் பழைய முதலாளி அந்த முதல் புத்தகத்தை மறுபடி போட்டார். உன் பேருக்கு அப்போது மதிப்பு வந்திருந்தது. மதினியோடு வீட்டுக்கு வந்து, புதுப்புத்தகத்தை என் கையில் கொடுத்தாய். பிரித்தேன். இரண்டாம் பக்கத்திலேயே எனக்குக் கை நின்றுவிட்டது.

"குதிரை எங்கண்ணே?"

"அதான் இருக்கே, கண்ணு தெரியலயா?"

"நம்ம குதிரை."

"அதெல்லாம் சரி பண்ணிட்டேன்ட்டி. தனியா வெள்ளத்தாள்ல வரைஞ்சு, கத்தரிச்சு, பழச மூடி மேல ஒட்டிட்டேன். மைதாப் பசைதான். தடமே தெரியாது பாரு."

"தடமே தெரியாதா?"

"எங்க, கண்டுபிடி பாப்போம்!"

நாற்பத்தொன்றையும் மூடியிருந்தாய். ஒன்றைக்கூட விடவில்லை. பின்னால் சஞ்சீவி மலையும் ஓரத்தில் கள்ளிச்செடியும் அப்படியே இருந்தன. அவற்றுக்கு முன்னால் அந்தக் குதிரைகள் ஊர் மாறி வந்து கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தவன் மாதிரி முழித்துக்கொண்டிருந்தன. முதல் பதிப்பில் விற்காமல் கிடந்ததைப் பழைய பேப்பருக்குப் போடச் சொன்னதும் நீதான் என்று மதினி பேச்சுவாக்கில் சொன்னாள். உன் வீட்டில் இருந்ததையும் அதோடு சேர்த்துப் போட்டிருக்கிறாய். நான் புத்தகத்தை மதினி மடியில் வைத்துவிட்டு அடுக்களைக்குள் போனேன். நீங்கள் கிளம்புகிற வரைக்கும் வெளியே வரவில்லை. மதினி மட்டும் எட்டிப் பார்த்து, "ஒரு குதிரைக்கா இம்புட்டு?" என்றாள்.

"ஒரு குதிரை இல்ல மதினி" என்றேன்.

அதோடு உனக்கும் எனக்கும் பேச்சு நின்றது. கல்யாண வீடுகளில் நீ இந்த வரிசையில் உட்கார்ந்தால் நான் அந்த வரிசையில். என் பேத்தி காதுகுத்துக்கு மாமன் முறை செய்ய உன் மகன்தான் வந்தான், நீ வரவில்லை. நான் கூப்பிடவும் இல்லை.

ஒருநாள் டிவியில் குதிரைப் பந்தயம் காட்டினான். முடிந்த பிறகு அதையே மறுபடி மெதுவாக ஓடவிட்டான். நான் பயறு புடைத்துக்கொண்டிருந்தவள் சுளகை அப்படியே வைத்துவிட்டேன். காலெல்லாம் தரையை விட்டுத் தூக்கின நேரம், குதிரை முன்னேயும் பின்னேயும் நீட்டிக்கொண்டு பறக்கவில்லை அண்ணே. நாலு காலும் வயிற்றுக்குக் கீழே ஒன்றுசேர்ந்து சுருண்டிருந்தன. நான் வரைந்த மாதிரியே. தெலுங்குக்காரர் வீட்டு நாய் மாதிரியே. நீ சரி பண்ணினது எல்லாம் பொய், நான் தப்பாக வரைந்ததுதான் நிஜம். உடனே வில்லிபுத்தூருக்கு பஸ் ஏறி வந்து, உன் சட்டையைப் பிடித்துச் சொல்ல வேண்டும் என்று வெறி வந்தது. சேலையைக்கூட மாற்றிவிட்டேன். பிறகு உட்கார்ந்துவிட்டேன். தானாக வந்து கேட்கட்டும், அப்போது சொல்லலாம் என்று இருந்தேன்.

நீ வந்தாய். இந்த மாசி மாதம். வேட்டி இடுப்பில் நிற்காமல் நழுவுகிற அளவுக்கு மெலிந்திருந்தாய். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே வந்திருக்கிறாய், மூச்சு வாங்கியது. நான் நிலைப்படியில் கையை ஊன்றிக்கொண்டு நின்றேன்.

"அந்த மொதப் புத்தகம் ஒண்ணு ஒங்கிட்ட இருக்கா?"

"இருக்கு."

"குடேன். ரெண்டு நாள்ல கொண்டாந்து தந்துருதேன்."

"தர மாட்டேன்."

"ஏட்டி, பாத்துட்டுத் தந்துருதேன்னு சொல்லுதேன்ல?"

"மிச்சம் இருக்கது அது ஒண்ணுதான். அதையும் சரி பண்ணப் போறியாக்கும்?"

நீ துண்டால் கழுத்தைத் துடைத்தாய். "சரி, அப்பம் வாரேன்" என்று திரும்பி நடந்தாய். தெருமுனையில் நின்று நின்று போனாய். உள்ளே வா என்று நான் சொல்லவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. எதற்குக் கேட்கிறாய் என்றும் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை. ஒரு வயிற்றில் பிறந்தவர்கள் இல்லையா, இரண்டு பேருக்கும் ஒரே வாய்.

சித்திரையில் சேதி வந்தது. வந்தேன். ஒப்பாரிக்கு உட்கார்ந்த பெண்கள் என் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள், தண்ணீர் வருகிறதா என்று. நான் அவர்களுக்கு அந்தத் திருப்தியைக் கொடுக்கவில்லை.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு, உன் மருமகள் ஒரு அட்டைக் கட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். நல்ல பெண், உன் வீட்டுக்கு வழிதப்பி வந்தவள் மாதிரி.

"அத்த, இது மாமா அந்த மொதப் புத்தகத்துக்கு வரைஞ்ச அட்டைக. தை மாசத்துல பிரஸ்ஸுல போயி வாங்கியாந்தாக. அப்பயிருந்து வெந்நி ஆவிய வச்சிக்கிட்டு இதத்தான் உரிச்சுக்கிட்டுக் கெடந்தாக. என்னத்த உரிக்கீகன்னா, 'அடியில ஒண்ணு ஓடிக்கிட்டிருக்கு'ம்பாக. எனக்கு ஒண்ணும் வெளங்கல."

எனக்கு விளங்கியது. நீ ஒட்டியதை நீயே உரித்திருக்கிறாய். மைதாப் பசை சும்மா விடுமா? இத்தனை வருஷம் இறுகிக் கிடந்தது, அடியில் இருந்த குதிரையையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வந்திருக்கிறது. ஒரு அட்டையில் முதுகு மட்டும் மிச்சம். ஒன்றில் வால். ஒன்றில் விலா எலும்பு மூன்று. மற்றதெல்லாம் பஞ்சுபஞ்சாகக் கிழிந்த காகிதம். கிழிந்த இடத்தில் எல்லாம் நீ பென்சிலால் மறுபடி வரைந்து பார்த்திருக்கிறாய். அழித்திருக்கிறாய். திரும்ப வரைந்திருக்கிறாய். எல்லாக் காலும் சரியாக இருந்தன அண்ணே, அழகாக, பாடப்புத்தகத்தில் வருகிற மாதிரி. ஒன்றுகூட ஓடவில்லை. இருபது வருஷம் சரியாக வரைந்து பழகின கைக்குத் தப்பு வரமாட்டேன் என்றுவிட்டது.

அதற்குத்தான் என் புத்தகத்தைக் கேட்டாயா? பார்த்து வரையவா?

நல்லா வேணும் என்று நினைத்தேன். பொய் சொல்ல மாட்டேன், உன் வீட்டில், உன் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே அப்படித்தான் நினைத்தேன்.

அடியில் கிடந்த ஒரே ஒரு அட்டை மட்டும் கிழியாமல் உரிந்து வந்திருந்தது. எத்தனை நாள் ஆவி காட்டினாயோ. என் குதிரை முழுசாக இருந்தது. அதன் காலுக்குப் பக்கத்தில், போர்டு எழுதுகிற உன் அழகான எழுத்தில், சின்னதாகப் பென்சிலால் ஒரு வார்த்தை எழுதியிருந்தாய்: "எப்படி?"

அந்தக் கட்டை நான் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஒட்ட மாட்டேன், திருத்த மாட்டேன், யாருக்கும் கொடுக்க மாட்டேன். நீ என் வாசலில் நின்று அந்த ஒரு வார்த்தையைக் கேட்டிருந்தால் கதவைத் திறந்திருப்பேனா? தெரியவில்லை. அன்றைக்கு இருந்த கோபத்துக்குத் திறக்காமலும் இருந்திருப்பேன். அதற்காக உன்னை விட்டுவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. பிரஸ் வாசலில் கேட்ட அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. ஆனால் கேட்டுவிட்டாய். கேட்டவனுக்குப் பதில் சொல்லாமல் இருப்பது என் வழக்கம் இல்லை.

நான் நாயைப் பார்க்கவில்லை. ஓடுகிற நாயைப் பார்த்தால் காலைப் பிடிக்க முடியாது, கண் தோற்றுப்போகும். நான் அதன் நிழலைப் பார்த்தேன். சாயங்கால வெயிலில் கண்மாய்க்கரை மண்ணில் நிழல் கூடவே ஓடும். காலும் நிழல்காலும் தொட்டுத் தொட்டு ஓடும். நடுவில் ஒரு நேரம், சொடக்குப் போடுகிற நேரம், நிழல் நாயை விட்டுக் கழன்று தனியாக மண்ணில் போகும். அப்போது நாலு காலும் தரையில் இல்லை. எங்கே இருக்கின்றன என்று நிழலே காட்டிவிடும், வயிற்றுக்கு அடியில் முடிச்சுப் போட்ட மாதிரி. அதைத்தான் வரைந்தேன், நாற்பத்தொரு தடவையும். குதிரைக்கும் தரைக்கும் நடுவில் ஒரு விரல் வெள்ளை விட்டிருப்பேன். நான் மை போட மறந்த இடம் என்று நினைத்து, உன் பென்சில் குதிரை எல்லாவற்றையும் நீ தரையில் நிறுத்திவிட்டாய்.

அவ்வளவுதான் அண்ணே, வேறு வித்தை ஒன்றும் இல்லை. இன்றைக்கும் தெருவில் எது ஓடினாலும், ஆட்டுக்குட்டி ஓடினாலும், பஸ்ஸைப் பிடிக்க ஆள் ஓடினாலும், நான் காலைப் பார்ப்பதில்லை. தரையைத்தான் பார்க்கிறேன்.